மனோன்மணீயம் கட்டுரை: கதை ஒப்பிக்கும் பிள்ளைகளை நாடகத்தைப் பற்றி எழுத வைப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இந்த ஆண்டுதான் தமிழ் நடத்தச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டுக்கு மனோன்மணீயம் நடத்துகிறேன். 75 மதிப்பெண் தாளில் 30 மதிப்பெண் கட்டுரைக்கு, மூன்று கட்டுரை எழுத வேண்டும். எந்தக் கேள்வி கொடுத்தாலும் பிள்ளைகள் கதையை முதலிலிருந்து கடைசிவரை எழுதி வைக்கிறார்கள். மீதிப் பேர் நோட்ஸை அப்படியே ஒப்பிக்கிறார்கள். தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

தம்பி, பிள்ளைகள் கதை எழுதுவதற்குச் சோம்பல் காரணம் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்தது கதை மட்டும்தான். மனோன்மணீயம் 1891-இல் வந்த செய்யுள் நாடகம். 5 அங்கம் (பெரும்பிரிவு), 20 களம் (காட்சி), பெரும்பகுதி ஆசிரியப்பா. சந்தி பிரிக்காத பதிப்பைக் கையில் கொடுத்தால் நாலு வரி தாண்டுவதற்குள் பிள்ளை களைத்துப்போகிறான். பாடம் முடிக்க வேண்டுமே என்று நாமும் கதைச்சுருக்கம் சொல்கிறோம், அதையே நோட்ஸாகவும் கொடுக்கிறோம். போதாததற்குக் கடையில் கைடு கிடைக்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்தவன் தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்து வேறு எதை எழுதுவான்?

அதனால் கட்டுரை நோட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், நாடகத்தின் மூன்று நான்கு களங்களாவது அவர்கள் காதில் விழுந்தாக வேண்டும். இருபது களமும் வேண்டாம், உங்களுக்கு நேரம் கிடையாது. சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் தன் மனத்தில் இருப்பதைத் தானே பேசிக்கொள்ளும் இடம், அரசனுக்கு உண்மையான நாராயணன் பாண்டிய அரசன் ஜீவகனை எச்சரிக்கப் பார்க்கும் இடம், குடிலன் மகன் பலதேவன் சேரன் சபையில் தூது பேசும் இடம், கடைசிக் களம். இந்த நாலும் போதும். இவற்றை வகுப்பில் ஆள் பிரித்து உரக்கப் படிக்க வையுங்கள். முந்தின நாளே அந்த வரிகளைப் பென்சிலால் சந்தி பிரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பு தடுக்கித் தடுக்கி நின்றுவிடும். ஒரு பேச்சு முடிந்ததும் நிறுத்தி, "சரி, இப்ப இவன் என்ன சொல்லிட்டான்? உங்க ஊர்ப் பேச்சுல சொல்லு" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லும் இரண்டு வாக்கியம், நீங்கள் எழுதிப் போடும் இரண்டு பக்க நோட்ஸை விட அவன் மனத்தில் நிற்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாவுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த அந்த ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் எதற்கு வருகிறார், ராஜபார்ட் மேடைக்கு வருமுன் ஆர்மோனியம் எப்படி ஏறும், வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் எங்கே சூடுபிடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஆனால் அதற்கும் பாடப்புத்தகத்துக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அதைச் சொல்லுங்கள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான். வந்திருப்பது யார் என்று வள்ளிக்குத் தெரியாது. பந்தலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவள் கிழவனைத் திட்டுகிறபோது சனம் சிரிப்பது அதனால்தான். மேடையில் ஒருத்தருக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நாடகத்தை ஓட்டுகிறது. இதை வள்ளி திருமணத்தில் பிடித்துக்கொண்ட பிள்ளை மனோன்மணீயத்திலும் பிடித்துக்கொள்வான். ஜீவகன் மகள் மனோன்மணி கனவில் ஒருவனைக் கண்டு ஏங்குகிறாள், அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. சேர மன்னன் புருடோத்தமனும் கனவில் கண்ட பெண்ணை நினைத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கும் அவள் யாரென்று தெரியாது. பலதேவன் அவளுக்காக மணத்தூது வந்து பேசுகிறபோது புருடோத்தமன் சினந்து மறுக்கிறானே, அவன் மறுப்பது தான் கனவில் கண்ட அதே பெண்ணை. அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இந்த ஒரு புள்ளியை ஒழுங்காக எழுதத் தெரிந்தால் அந்தத் தூதுக் களத்தைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் அரைப் பக்கம் தரமாக வந்துவிடும்.

கட்டுரைப் பயிற்சிக்கு நான் முதுகெலும்பாக வைத்திருப்பது ஒரு பட்டியல்தான். ஒரு களத்தை எடுத்துக்கொண்டு, நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே இந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று எழுத வைப்பேன். பேரேட்டில் வரவும் பற்றும் எழுதுகிற மாதிரி இரண்டு பத்தி. வட்டிக்கடைக் கணக்கு பார்த்த வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது, அதைச் சொன்னவுடன் புரிந்துகொள்வார்கள்.

கடைசிக் களத்தை இப்படிப் பிரித்துப் பார்ப்போம். போரில் தோற்று மனமுடைந்த ஜீவகன், மகளைக் கோட்டையிலிருந்து சுரங்க வழியாக வெளியே அனுப்புமுன் பலதேவனுக்கு மணம் முடித்துவிடத் துணிகிறான். குடிலன் தன்னிடம் உண்மையாக இருக்கிறான் என்றுதான் இந்தக் கணம்வரை நம்புகிறான். பலதேவன் மாலைக்காகக் காத்து நிற்கிறான், தகப்பன் எதிரியிடம் சிக்கிவிட்டது அவனுக்குத் தெரியாது. மனோன்மணி தந்தைக்காக மனத்தை இறுக்கிக்கொண்டு மாலையோடு நிற்கிறாள், கனவில் கண்டவன் அதே சுரங்கத்தில் நடந்து வந்துகொண்டிருப்பதை அறியாள். புருடோத்தமன், காட்டிக்கொடுக்க வந்த குடிலனையே கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான், எதிரில் யாரைப் பார்க்கப்போகிறான் என்று அவனுக்கும் தெரியாது. நாடகம் பார்க்கிற சனத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவன் வெளிப்பட்டு, இருவரும் கண்ணால் கண்ட மாத்திரத்தில் அவள் கைமாலை அவன் கழுத்துக்குப் போகிறது. அத்தனை பேருடைய தெரியாத பத்தியும் ஒரே நொடியில் காலியாகிறது. இந்தப் பட்டியலைத் தானே போட்ட பிள்ளை, "இறுதியில் அனைவரும் மகிழ்ந்தனர்" என்று எழுத மாட்டான். அந்த முடிவு ஏன் அவ்வளவு விசையோடு வந்து விழுகிறது என்று எழுதுவான். நமக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு இடத்தையும் கிட்டத்தில் வைத்துக் காட்டுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம், வகுப்பிலும் தவறாமல் எடுபடும். நாராயணன் மூக்கில் கரியைப் பூசிக்கொண்டு அரசன் முன்னால் வருகிறான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஏன் இந்தக் கோலம் என்றால், வள்ளுவர் சொன்னபடி என்கிற பொருளில் பதில் சொல்கிறான். 277-ஆவது குறள்: "புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி / மூக்கிற் கரியார் உடைத்து." குன்றிமணி வெளியே செக்கச்செவேல் என்று இருக்கும், மூக்கு மட்டும் கறுப்பு. வெளியே நல்லவராய்த் தெரிகிறவர்களிலும் உள்ளே அப்படி இருட்டு வைத்திருக்கிறவர்கள் உண்டு என்பது குறள். அவன் சுட்டுவது குடிலனை. அரசனோ வேடிக்கையை மட்டும் பார்க்கிறான்.

ஒரு குன்றிமணியைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள். இப்போதுள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் கேள்விகள் கேளுங்கள். நாராயணன் ஏன் நேராகச் சொல்லவில்லை? நேராகச் சொன்னால் யாரை நம்பியிருப்பான் அரசன்? குறிப்பாகச் சொல்வது நாராயணனின் அறிவைக் காட்டுகிறதா, சபையில் அவனுக்குள்ள பலவீனத்தைக் காட்டுகிறதா? அரசனுக்குப் புரியாமல் போனது யாருடைய குறை? இந்தக் கேள்விகளுக்கு ஒரே விடை கிடையாது. பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசுவார்கள். பேசட்டும். அந்தப் பேச்சிலிருந்துதான் கட்டுரைக்குக் கருத்து பிறக்கும். இதே மூக்குக் கரி நாராயணனின் பாத்திரப்படைப்புக் கேள்விக்கு உதவும், ஜீவகனின் குறை பற்றிய கேள்விக்கும் உதவும், நகைச்சுவை பற்றிய கேள்விக்கும் நாடக உத்தி பற்றிய கேள்விக்கும் உதவும். ஒரு இடத்தை ஆழமாகத் தெரிந்துகொண்டால் நாலு கேள்விக்கு எடுத்துப் பேசலாம் என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் உறைக்கும். இருபது களத்தையும் மேலோட்டமாக மனப்பாடம் செய்வதை அவர்களாகவே விட்டுவிடுவார்கள்.

இனிக் கேள்வியைப் படிப்பது. குடிலன் பாத்திரப்படைப்பை விளக்குக என்று ஒரு ஆண்டு வரும். குடிலனின் சூழ்ச்சியே நாடகத்தை நடத்துகிறது என்பதை ஆராய்க என்று இன்னொரு ஆண்டு வரும். நம் பிள்ளைகள் குடிலன் என்ற பெயரைப் பார்த்ததும் இரண்டுக்கும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். முதல் கேள்விக்குக் குடிலன் எப்படிப்பட்டவன் என்று காட்டினால் போதும். இரண்டாவது ஒரு கருத்தை முன்வைத்து, நீ ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கிறது. அதற்கு மறுபக்கமும் பார்க்க வேண்டும். சூழ்ச்சி மட்டும் நாடகத்தை நடத்தியதா? அரசனின் குரு சுந்தர முனிவர் முன்யோசனையாக அமைத்த சுரங்கம் இல்லாமல் இந்த முடிவு ஏது? இரு கனவுகள் இல்லாமல் அந்த மாலை எப்படிக் கை மாறும்? ஜீவகன் இவ்வளவு எளிதில் நம்புகிறவனாக இல்லாவிட்டால் குடிலனால் என்ன செய்திருக்க முடியும்? இப்படி எழுதுகிறவன் கேள்வியை மறுக்க வேண்டியதில்லை. ஆம், குடிலன்தான் நடத்துகிறான், ஆனால் அவன் நடத்துவதற்கு அரசனின் நம்பிக்கை என்ற கதவு திறந்திருந்தது என்று சொன்னால்கூடப் போதும், விடைத்தாளைத் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதற்கு நல்ல பயிற்சி, கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லாமல் இருப்பது. விடையை ஒரே வாக்கியத்தில் எழுதி வா என்று சொல்லுங்கள். குடிலனைப் பற்றி, ஜீவகனைப் பற்றி, மனோன்மணியின் தோழி வாணியைப் பற்றி, அவள் பாடும் சிவகாமி சரிதம் பற்றி என்று தினம் ஒரு கேள்வி, ஒரு வாக்கியம். திருத்துவதற்கு உங்களுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த வாக்கியத்தில் கருத்து இருக்கிறதா, செய்தி மட்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "ஜீவகன் பாண்டிய நாட்டு மன்னன்" என்பது செய்தி. "ஜீவகன் கெட்டவன் இல்லை, ஆனால் யாரை நம்புவது என்று தெரியாத நல்லவன், அதனால் அவன் நல்ல குணமே நாட்டுக்கு ஆபத்தாகிறது" என்பது கருத்து. இரண்டாவது வகை வாக்கியம் எழுத வந்துவிட்டால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி.

முன்னுரை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அங்கேதான் நம் பிள்ளைகள் நேரத்தைக் கொட்டுகிறார்கள். ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தார், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தார், லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதையைத் தழுவினார், பாயிரத்தில் உள்ள "நீராருங் கடலுடுத்த" பாடலைத் தமிழ்நாடு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. எல்லாம் உண்மை, எல்லாம் தெரிந்திருக்க வேண்டியவை. தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பியிருக்கிற ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பாடலில் தொடங்க ஆசைப்படுவதில் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கேள்வி குடிலனைப் பற்றியது என்றால் இந்த ஒரு பக்கமும் கேள்விக்குப் பதில் ஆகாது. ஆசிரியர், ஆண்டு, மூலம் மூன்றையும் ஒரு வாக்கியத்தில் அடக்கி, அடுத்த வாக்கியத்திலேயே தங்கள் கருத்தைச் சொல்லிவிடப் பழக்குங்கள். மூலக்கதை பற்றிய செய்தி, தழுவல் பற்றியோ கதைப்பின்னல் பற்றியோ கேள்வி வந்தால் நடுப்பகுதிக்கு உரியது. சுரங்க வழி அங்கிருந்து வந்தது என்று சொல்லி, அதைப் பாண்டியன், சேரன், நாஞ்சில் நாடு யாருக்கு என்ற வழக்கு என்று நம் மண்ணில் எப்படி நட்டிருக்கிறார் என்று காட்டினால் அந்தச் செய்திக்குப் பயன் வரும்.

இப்போது பத்தி எழுதுவது. முழுக் கட்டுரை எழுதச் சொல்லி நாற்பது தாளைச் சுமக்காதீர்கள். ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள், அதையே திரும்பத் திரும்ப. தூது அனுப்பிய இடத்தைப் பற்றி வழக்கமாக வருகிற பத்தி இப்படி இருக்கும்:

"குடிலன் ஜீவகனின் அமைச்சன். அவன் மிகுந்த சூழ்ச்சிக்காரன். தன் மகன் பலதேவனுக்கு மனோன்மணியை மணம் முடிக்க எண்ணினான். எனவே நடராசனை அனுப்பாமல் பலதேவனைத் தூது அனுப்பச் செய்தான். பலதேவன் சேர நாட்டுக்குச் சென்றான். புருடோத்தமன் கோபம் கொண்டான். போர் மூண்டது."

பிழை எதுவும் கிடையாது. ஆனால் சூழ்ச்சிக்காரன் என்று பெயர் சூட்டியதோடு சரி, சூழ்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி இல்லை. அதே செய்திகளை வைத்துக்கொண்டு, இந்த மாதிரி எழுத வையுங்கள்:

"பிறர் சொன்ன நல்ல யோசனையை எதிர்க்காமலே தன் பக்கம் வளைத்துக்கொள்வதுதான் குடிலனின் திறமை. மனோன்மணியைப் புருடோத்தமனுக்கு மணம் பேசலாம், நடராசனைத் தூது அனுப்பலாம் என்பது சுந்தர முனிவர் காட்டிய வழி. குடிலன் திருமணம் வேண்டாம் என்று வாதாடுவதில்லை. அந்தத் தூதோடு நாஞ்சில் நாட்டு உரிமையைச் சேர்த்துவிடுகிறான், தூதனாகத் தன் மகனை நிறுத்திவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் முனிவர் சொன்னதே நடப்பது போல் இருக்கிறது. உள்ளே மணப்பேச்சு போருக்கு அழைப்பாக மாறிவிட்டது. ஜீவகன் இதைக் கண்டுகொள்ளாததற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. அவன் கண்ணுக்குத் தெரிவது நாட்டின் உரிமைக்காகப் பரிந்து பேசும் அமைச்சன்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எதில் புதிய செய்தி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டிலும் அநேகமாக ஒரே செய்திதான். இரண்டாவதில் முதல் வாக்கியம் கருத்தாக இருக்கிறது, நடுவில் வருகிற செய்தி அந்தக் கருத்துக்குச் சாட்சி சொல்கிறது, கடைசியில் அது இன்னொரு பாத்திரத்தின் மேல் என்ன வெளிச்சம் போடுகிறது என்று வருகிறது. இதை நான் சூத்திரமாக எழுதிக் கொடுப்பதில்லை. சூத்திரமாகக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இரண்டு பத்தியையும் பார்த்து அவர்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மறுநாள், பலதேவன் சபையில் பேசிய முறையைப் பற்றி இதே மாதிரி ஒரு பத்தி. அதற்கு அடுத்த நாள், வாணி. அவளைப் பணத்துக்கு ஆசைப்பட்டுப் பலதேவனுக்குக் கொடுக்க நினைக்கிற தகப்பன் சகடன், அவள் விரும்பும் நடராசன், பின்னால் மனோன்மணியும் அதே பலதேவனுக்கு என்று ஆகிவிடுவது. தோழிக்கு வந்த துன்பமே தலைவிக்கும் வந்து சேர்கிறது என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்து எழுதினால், அன்றைக்கு வகுப்பு முழுவதையும் அந்தப் பத்திக்கே கொடுங்கள்.

சிவகாமி சரிதம் பற்றிய கேள்விக்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள். நாடகத்துக்கு நடுவில் வாணி பாடும் ஒரு தனிக்கதை, அதை எதற்குப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் கோல்ட்ஸ்மித் எழுதிய துறவி பற்றிய கதைப்பாட்டை ஒட்டியது அது. பிரிந்துபோன காதலர் காட்டில் ஒருவரையொருவர் அறியாமல் சந்தித்து, பேசப் பேச அடையாளம் கண்டுகொள்கிறார்கள். மேலே சொன்ன பட்டியலை இதற்கும் போடச் சொல்லுங்கள். அறியாமல் எதிர்ப்படுவது, பிறகு அறிந்து சேர்வது. கடைசிக் களத்தில் நடக்கப்போவதும் அதுதானே. கிளைக்கதை மையக்கதைக்கு முன்கூட்டியே நிழல் போடுகிறது என்று அவர்களே சொல்வார்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

நம் ஊர் தந்த ஒரு பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 1939 முதல் கம்பன் கழகம் விழா எடுத்து வரும் காரைக்குடியில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வாதம் செய்ய வரும், அது பெரிய பலம். இரண்டு பக்கமும் யோசிக்கும் வழக்கம் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுலபத்தில் வராது. ஆனால் எழுத உட்காரும்போது மேடைக் குரலும் சேர்ந்து வந்துவிடும். "குடிலன் செய்தது நியாயமா? சிந்தித்துப் பாருங்கள்! தமிழ்கூறு நல்லுலகமே விடை சொல்!" என்று ஒரு பத்தி முழுக்கக் கேள்வியும் ஆச்சரியக்குறியுமாக ஓடும். மேடையில் அந்தக் கேள்விக்குப் பிறகு கைதட்டல் வரும், விடைத்தாளில் சான்று வர வேண்டும். கேள்வி எழுதிய இடத்தில் விடையையும் எழுது என்று சொல்லுங்கள். வாதத்தை விடச் சொல்ல வேண்டாம்.

அதே மாதிரி, குடிலனைச் சகுனிக்கும், ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்து வில்லன் இயாகோவுக்கும் ஒப்பிடுவது. ஒப்பிடலாம், நல்ல ஒப்பீடுதான். எந்த வகையில் என்று சொல்லாமல் பெயரை மட்டும் உதிர்த்தால் பயன் கிடையாது. சகுனியைப் போல உறவு முறையைப் பயன்படுத்துகிறானா, இயாகோவைப் போல நம்பிக்கையைப் பயன்படுத்துகிறானா என்று ஒரு வரி சேர்த்தால்தான் அது ஒப்பீடு. தெரியாவிட்டால் ஒப்பிடாமல் விடுவது மேல். மேற்கோளும் அப்படித்தான். பாதி நினைவில் இருக்கிற வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, சொல் மாறி, தளை கெட்டு நிற்பதைவிட, இந்தக் களத்தில் இவன் இவளிடம் இப்படிச் சொல்கிறான் என்று உரைநடையில் சொல்வது நேர்மையானது. ஆளுக்கு நாலைந்து வரி மட்டும், அவர்களுக்குப் பிடித்ததை அவர்களே தேர்ந்தெடுத்து, பிழையில்லாமல் மனத்தில் ஏற்றிக்கொள்ளட்டும். 277-ஆவது குறளை எல்லாரும் ஏற்றிக்கொள்ளட்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்று வருடா வருடம் வரும். ஜீவகன் என்பதைச் சீவகன் என்று எழுதி, அப்படியே சீவக சிந்தாமணிக்குள் போய்விடுகிற பிள்ளைகள் உண்டு. ஒரு தாளில் அந்தக் காப்பியத்துச் சீவகனின் நாடான ஏமாங்கதம்கூட வந்துவிடும். முதல் வாரத்திலேயே பாத்திரப் பெயர் அத்தனையும் உறவோடு ஒரு தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரே கட்டுரையில் புருடோத்தமன் ஒரு வரியில், புருஷோத்தமன் அடுத்த வரியில் என்று மாறி மாறி வராமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நேரக் கணக்கு. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். 75-இல் 30 மதிப்பெண் கட்டுரைக்கு என்றால் 72 நிமிடம், ஒரு கட்டுரைக்கு 24 நிமிடம். அதில் முதல் நாலு நிமிடம் பேனாவை விடைத்தாளில் வைக்காமல், கடைசிப் பக்கத்தில் கருத்து வாக்கியத்தையும் எடுத்துப் பேசப்போகும் மூன்று இடங்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது கை நடுங்கும் விஷயம், பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தன் இரண்டாம் பக்கம் திருப்பியிருப்பான். அதனால்தான் இதை வகுப்பிலேயே கடிகாரம் வைத்துப் பழக்க வேண்டும். மூன்று இடம், மூன்று பத்தி, முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் இரண்டு மூன்று வாக்கியம். பத்து மதிப்பெண்ணுக்கு இது தாராளம். உட்தலைப்பு போடுவது நம் வழக்கம், திருத்துகிறவர்களும் எதிர்பார்க்கிறார்கள், போடட்டும். 'குடிலனின் சூழ்ச்சி' என்று மொட்டையாகப் போடாமல் 'அரசனின் நம்பிக்கையே குடிலனின் ஆயுதம்' என்று கருத்தாகப் போட்டால், தலைப்பே பாதி விடையாகிவிடும்.

நாட்களைப் பிரிப்பது பற்றிக் கேட்டால், முதல் இரண்டு வாரம் வாசிப்புக்கும் பட்டியலுக்கும் போகட்டும், கட்டுரை என்ற பேச்சே எடுக்க வேண்டாம். அடுத்த இரண்டு வாரம் தினம் ஒரு வாக்கியம், வாரத்துக்கு மூன்று பத்தி. கடைசியில் மட்டும் கடிகாரம் வைத்து முழுக் கட்டுரை. திருத்தும்போது ஒரு தாளில் ஒரே ஒரு குறையை மட்டும் சுட்டுங்கள். கருத்து இல்லையென்றால் அதை மட்டும், ஒற்றுப்பிழை அதிகம் என்றால் அதை மட்டும். தாள் முழுக்கச் சிவப்பு மை பாய்ச்சினால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவான். சுட்டிய குறையைச் சரிசெய்து அந்த ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதி வாங்குங்கள், அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

நோட்ஸை ஒப்பிக்கிற பிள்ளைகளைத் திடீரென்று வெறுங்கையோடு நிறுத்தாதீர்கள், தம்பி. பயந்துவிடுவார்கள். நோட்ஸ் அவர்களிடமே இருக்கட்டும். அதில் உள்ள ஒரு பத்தியை எடுத்து, இது செய்தியா கருத்தா என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பக்கம் அப்படிக் குறித்தாலே, தங்கள் நோட்ஸில் கருத்து எவ்வளவு குறைவு என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் தங்கள் வாக்கியத்தை எழுதட்டும். முதலில் வருகிற வாக்கியம் கோணலாக இருக்கும், சில சமயம் நீங்கள் ஒப்புக்கொள்ள முடியாததாகவும் இருக்கும். ஜீவகன்தான் உண்மையான குற்றவாளி, குடிலன் இல்லை என்று ஒரு பெண்பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால் அடித்துவிடாமல், எந்தக் களத்தை வைத்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். தன்னைக் காப்பாற்றிய நாராயணனையே துரோகி என்று நம்பினானே அந்த இடத்தை அவள் எடுத்துக் காட்டினால், முழு மதிப்பெண் போடுங்கள்.